அக்கரை வெள்ளை வீடு

யோகலிங்கம் ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை முன்னால் நீட்டிப் பெருவிரலை உயர்த்தினார். காருக்குள் இருந்தபடி தவமலர் அதைக் கண்டாள். விரல் மெல்ல மெல்ல இடப்பக்கம் போனது, நின்றது, திரும்பி வந்தது. பிடிபட்டுவிட்டார் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலில் ஒரு சந்தோசம் இருந்ததுதான் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. படம் எடுக்க வந்தவர் படம் எடுக்க வேண்டும். கமராவை முக்காலியில் பூட்டி வைத்துவிட்டு யாருக்குக் கை காட்டுகிறார்? முன்னால் கிடப்பது ஃபியோர்ட். இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே புகுந்து நாட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற கடல். கடல் என்று சொல்கிறார்கள். அலை இல்லை, இரைச்சல் இல்லை, உப்பு மணம்கூட இல்லை. பருத்தித்துறைக் கரையில் வளர்ந்தவளுக்கு அது ஒருநாளும் கடலாகப் பட்டதில்லை, எதையோ விழுங்கிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிற தண்ணீராகத்தான் பட்டது. அதைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அக்கரையில் தண்ணீரோடு ஒட்டி ஒரு சிவப்புப் படகுக்கொட்டில். அதற்கு மேலே சரிவில் மூன்று வெள்ளை வீடுகள், இரண்டு பக்கத்தில் பக்கத்தில், ஒன்று ஒரு கொடிக்கம்பத்தைத் தாண்டி இடப்பக்கம் தள்ளித் தனியே. அந்தத் தனி வீடுதான் அவளுடையது. அவளுடையது என்றால் அந்தப் பெண்ணுடையது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, நோர்வேக்காரி என்பது மட்டும் தெரியும், அதுவும் குரலை வைத்து. கிழமைக்கு ஒருமுறை அக்கரையில் யன்னலோரம் வந்து நிற்பாள் போல. இவர் இக்கரையில் நின்று விரலை ஆட்டுவார். ஐம்பத்தெட்டு வயதில் தனக்கு இப்படியெல்லாம் நினைக்க வருகிறதே என்று தவமலர் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கண்ணாடியில் படிந்த தன் மூச்சுப் புகாரைக் கையால் துடைத்துவிட்டு இன்னும் உன்னிப்பாகப் பார்த்தாள்.

ஒன்பது மாதமாக இது நடக்கிறது. பேர்கன் நகரத்தில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிற மனிதன், அதற்கு முன் வடக்கில் மீன் தொழிற்சாலையில் பதின்மூன்று வருடம் நின்ற மனிதன், கல்யாண வீட்டில்கூடப் படத்துக்கு நிற்கச் சொன்னால் ஓடி ஒளிகிற மனிதன், தைமாதம் ஒருநாள் ஒரு கமராவோடு வீட்டுக்கு வந்தார். மகள் அபிரா ஒஸ்லோவிலிருந்து போனில் சிரித்தாள். அப்பாக்கு இந்த வயசிலை ஒரு பொழுதுபோக்கு வந்தது நல்லதம்மா, விடுங்கோ என்றாள். விட்டாள். சனிக்கிழமைகளில் தவமலருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு அவள் போக, அவர் எட்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் ஓடி இங்கே வருவார், பின்னேரம் திரும்புவார். எப்படி இருந்தது என்று கேட்டால், வடிவாய் இருந்தது என்பார். வடிவாய் இருந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவருடைய முகமா அது? செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்போல் சப்பாத்தைக் கழற்றுவார். போன மாதம் அவருடைய மேசை லாச்சியில் கத்தரிக்கோல் தேடினாள். கத்தரிக்கோல்தான் தேடினாள், அது உண்மை. ஆனால் வேலை நேர அட்டவணைகளுக்குக் கீழே கையைவிட்டபோதும் கத்தரிக்கோலையா தேடினாள்? முப்பத்தைந்து படங்கள். எல்லாம் ஒரே படம். அதே மலை, அதே தண்ணீர், அதே மூன்று வீடு. பனியில் ஒன்று, மழையில் ஒன்று, அப்பிள் மரம் பூத்திருக்க ஒன்று. சிலவற்றில் அந்தத் தனி வீட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். சிலவற்றில் வட்டம் இல்லை. பின்னுக்குப் பின்னுக்கு வரவர எல்லாவற்றிலும் வட்டம். வட்டம் போட்ட சனிக்கிழமை அந்தப் பெண் வீட்டில் இருந்த சனிக்கிழமையாக்கும். வட்டம் இல்லாத சனிக்கிழமை ஏமாந்து திரும்பிய சனிக்கிழமையாக்கும். படங்களை வைத்த இடத்தில் வைத்தபடியே வைத்தாள், மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று பார்த்து, தன் விரல் பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்து. யார் கற்றுத்தந்தது அந்தப் பழக்கம்? பிறகு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட போன் கதை. உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நோர்வேஜிய மொழியில், மெதுவாக: வியாழக்கிழமை வேண்டாம், அன்றைக்கு மனைவி வீட்டில் இருப்பாள். இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. மறுபக்கத்தில் ஒரு பெண்குரல், வார்த்தை கேட்கவில்லை, குரலின் பரிவு மட்டும் கேட்டது. பரிவு! தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் பரிவு கேட்குமா என்றால் கேட்கும், கேட்கவேண்டும் என்று நிற்கிறவளுக்குக் கேட்கும். பிறகு காரின் இடப்பக்கக் கதவில் ஒரு நீளக் கீறல், வெள்ளைப் பெயின்ற் ஒட்டியிருந்தது. கடைத் தரிப்பிடத்தில் ஆரோ உரசிப்போட்டுப் போட்டான் என்றார். தவமலர் குனிந்து அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கடைத் தரிப்பிடத்தில் வெள்ளைத் தூண் இல்லை. வெள்ளை வீட்டுக்கு வெள்ளை வேலி இருக்கும்.

இன்று வேலையை மாற்றிக்கொண்டு நானும் வாறன் என்று சொன்னபோது அவருடைய முகம் போன போக்கை அவள் மறக்கமாட்டாள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கப் போய் மேசையின் விளிம்பில் வைத்தார். உமக்குக் குளிரும், றோட்டும் வளைவு, வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் என்றார். வரட்டும் என்றாள். வழி முழுக்க அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தை இறுக்கிப் பிடித்து, கழுத்தை ஒரு பக்கம் திருப்பித் திருப்பி, ஐம்பதில் ஓடினார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் முந்திப் போனார்கள். எதிரே பாரவாகனம் வந்தபோது அது பக்கத்தில் வந்தபிறகுதான் திடுக்கிட்டு ஒதுங்கினார். மனச்சாட்சி உறுத்துகிறவனுக்கு றோட்டில் கண் நிற்காது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கைவந்தது. இருபத்திரண்டு வயதில் அது கைவந்தது, ஆமி ஊரைச் சுற்றி வளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் இருத்திவைத்த அன்றைக்கு. சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஜீப்புக்குள் இருத்தியிருந்தார்கள். வரிசையாக ஆம்பிளைகள் அவனுக்கு முன்னால் நடந்தார்கள். அவன் தலையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போகிற பக்கம், ஆட்டாவிட்டால் விடுகிற பக்கம். அண்ணன் நகுலேசன் முன்னால் போனபோது அந்தத் தலை ஆடியது. சின்னதாக, ஓம் கடைக்குப் போட்டு வாறன் என்று சொல்கிறபோது ஆடுகிற மாதிரி. சாக்கில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் இரண்டு கண். தெரிந்த கண். அதுதான் அவளை விடாமல் தின்றது. யாருடைய கண் என்று தெரியவில்லை, ஆனால் தெரிந்த கண். அதற்குப் பிறகு ஊரில் ஒவ்வொருவரோடு கதைக்கும்போதும் அவள் வாயைப் பார்த்ததில்லை. பால்காரன், தபால்காரன், மாமா, அண்ணனோடு படித்த பெடியன்கள், எல்லோருடைய கண்ணையும் ஒரு சாக்குக்குள் வைத்துப் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்து, தாலி கட்டிக்கொண்டு, புதுப்பெண்ணாக யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றபோதும், அவர் அந்தச் சுற்றிவளைப்புக்கு மூன்று வருடம் முன்னமே நோர்வேக்கு வந்துவிட்டவர் என்று நன்றாகத் தெரிந்தும், ஒருதரம் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அதனால்தான் முப்பத்தொரு வருடம் நிம்மதியாகத் தூங்கினாள். இந்த ஒரு சோடிக் கண்ணை மட்டும் இனிப் பார்க்கத் தேவையில்லை என்று விட்ட இடத்தில், இப்போது பார், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

அவர் இப்போது மற்றக் கண்ணைப் பொத்தினார். உதடு அசைந்தது. போன் காதில் இல்லை, ஆனால் இந்தக் காலத்தில் போன் காதில் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம், காதுக்குள் செருகுகிற பட்டாணி வந்துவிட்டதே. பக்கத்தில் ஒரு வீட்டுவண்டியிலிருந்து இறங்கிய வயதான வெள்ளைக்காரச் சோடி ஒன்று ஒருவரை ஒருவர் படமெடுத்தது. கிழவி கையை விரித்துக்கொண்டு மலைக்கு முன்னால் நின்றாள், கிழவன் குந்தி இருந்து எடுத்தான். பார், படம் என்றால் அப்படித்தான் எடுப்பார்கள், ஆளை நிறுத்தி எடுப்பார்கள். ஒன்பது மாதத்தில் ஒருதரம், இஞ்சை வாரும், உம்மையும் வைச்சு ஒண்டு எடுப்பம் என்று இவர் கேட்டாரா? தவமலர் பின் இருக்கையிலிருந்த தேநீர்க் குடுவையை எடுத்தாள். மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டு காரை விட்டு இறங்கினாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். சாட்டு கையில் இருந்தது, தேத்தண்ணி. காதுக்குள் பட்டாணி இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். சரளைக்கல்லை விட்டு ஈரப்புல்லின் மேல் நடந்தாள், பக்கத்து மலையிலிருந்து விழுந்த அருவியின் இரைச்சல் அவளுடைய காலடியை மூடிக்கொண்டது. அவருடைய இடப்பக்கத்தில், கை நீட்டினால் தோளைத் தொடுகிற தூரத்தில் போய் நின்றாள். காதில் ஒன்றும் இல்லை. நரைத்த மயிர் நாலு, அவ்வளவுதான்.

அவர் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பவில்லை என்று முதலில் நினைத்தாள். ஒற்றைக் கண்ணால் அக்கரையைப் பார்த்தபடி, அவர் தமிழில் முணுமுணுத்தார்.

"கொட்டில், ஓம். முதலாம் வீடு, ஓம். ரெண்டாம் வீடு, ஓம். கொடிக்கம்பம்... அரைவாசி. மூண்டாம் வீடு..."

நிறுத்தினார். தலையைத் திருப்பாமல் விரலை மட்டும் இடப்பக்கம் நகர்த்தினார். விரல் நகர்ந்து நகர்ந்து தவமலரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவள் மூச்சை அடக்கினாள். அந்த விரலின் நகத்தில் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

"மூண்டாம் வீடு இல்லை," என்றார். "விரலும் இல்லை."

இது என்ன நடிப்பு? நடிப்பென்றால் யாருக்கு? தவமலர் தேநீர் மூடியை மெல்ல உயர்த்தி அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆவி பறந்தது. ஏலக்காய் மணத்துக்கு அவருடைய மூக்கு விரிந்தது; கண் அசையவில்லை. அவர் கையை இறக்கிக் கமராப் பக்கம் திரும்பினார், முழங்கை வந்து மூடியில் இடித்தது, தேநீர் அவளுடைய சட்டையிலும் அவருடைய கையிலும் கொட்டியது. ஐயோ அம்மா என்று அவர் கத்திய கத்தலுக்கு வெள்ளைக்காரச் சோடி திரும்பிப் பார்த்தது.

"எப்ப வந்தனீர்?"

"கனநேரம்."

"எங்கை நிண்டனீர்?"

"இஞ்சைதான். உங்களுக்குப் பக்கத்திலை. உங்கடை விரலுக்கு முன்னாலை."

அவர் சுட்ட கையைக் காற்சட்டையில் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று தவமலர் கேட்டாள். கேட்கும்போதே அது இனிக் கேட்கவேண்டிய கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு மாதமாக வாய்க்குள் இருந்த கேள்வி தானாக வெளியே விழுந்தது.

"எந்த வீடு?"

"வட்டம் போட்டு வைச்சிருக்கிறியளே, அந்த வீடு."

"ஆர் இருக்கினமோ எனக்கென்ன தெரியும்," என்றார். அவருடைய குரல் உடைந்தது. "அது எனக்குத் தெரியாத வீடப்பா. கண்ணுக்குத் தெரியாத வீடு. நேரை பாத்துக்கொண்டு நிக்கேக்கை எது தெரியேல்லையோ, படத்திலை தேடிப் பிடிச்சு அதைச் சுத்தி வட்டம் போடுவன். தையிலை கொடிக்கம்பம், வீடு, எல்லாம் தெரிஞ்சது. சித்திரையிலை வீடு ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது. இப்ப இல்லை."

தைமாதம் மூக்குக்கண்ணாடிக் கடையில் சோதித்தபோது சொன்னார்களாம், கண்ணுக்குள்ளே பிரஷர், உடனே கண் டொக்டரிடம் போ என்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் திகதி தந்தாளாம், இவர் தள்ளிப்போட்டாராம், பிறகு வேறு திகதி, அதையும் தள்ளிப்போட்டாராம். போனால் கண் சரியில்லை என்று எழுதிப்போடுவார்கள். எழுதினால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். பென்சனுக்கு இன்னும் பதினாலு மாதம்தான் இருந்தது. "அதுமட்டும் பிடிச்சுக்கொண்டு நிப்பம் எண்டு பாத்தன். ரவுண் றோட்டிலை எல்லாம் அசையும், எது தெரியேல்லை எண்டு பிடிக்கேலாது. இஞ்சை ஒண்டும் அசையாது. மலை நிண்ட இடத்திலை நிக்கும். மாறினால் நான்தான் மாறியிருக்கோணும்."

தவமலர் அந்த வீட்டைப் பார்த்தாள். எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, யன்னல் நாலு, கறுப்புக் கூரை, வாசலில் ஏதோ உலர்கிறது, யாரும் இல்லை. ஒரு பெண்ணும் இல்லை. ஒரு நிம்மதி வந்தது, வந்த உடனேயே அதன் அடியில் வேறொன்று வந்தது. பெண் இருந்திருந்தால் எவ்வளவு சுகம். திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், அபிராவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், மூன்று மாதம் கதைக்காமல் இருந்திருக்கலாம், பெண் என்றால் ஒருநாள் முடியும். இது என்ன முடிவு? முதியோர் இல்லத்தில் ஐந்தாம் அறை அம்மாவுக்குக் காலையும் மாலையும் கண்ணில் சொட்டு மருந்து விடுவது தவமலர்தான். பதினைந்து வருடமாக அந்த அம்மா பத்திரிகை படிக்கிறாள், சொட்டு மருந்தால். இவருக்கு ஒன்பது மாதச் சொட்டு மருந்து போய்விட்டது, போனது திரும்பி வராது. அதை இவருக்குச் சொல்ல வேண்டுமா, தெரிந்துதான் இருக்கிறாரா? உண்மையில் இதுவும் உண்மைதானா? இன்னொரு பொய்யை மூட ஒரு பொய்யா? முழங்கை வந்து இடித்ததே, கை சுட்டதே, அதை நடிக்க முடியாது. அப்படியென்றால் நான் லாச்சியைத் திறந்து எல்லாப் படத்தையும் பார்த்தேனே, நோயைத்தானே கையில் வைத்துக்கொண்டிருந்தேன், மாதம் மாதமாக, பென்சிலால் குறித்து, அடுக்கி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தாள், பார்த்தாள், எதை ஒளிக்கிறது என்றே பார்த்தாள், அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. அப்போதுதான் இன்று காலை வந்த பாதை அவளுக்குள் வந்தது, எதிரே வந்த பாரவாகனம், பக்கத்தில் வந்தபிறகு ஒதுங்கிய ஒதுங்கல். அது மனச்சாட்சி இல்லை. அவர் அதைக் காணவேயில்லை. நேற்றும் பஸ் ஓட்டினார். முந்தநாளும். பின்னேர பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிளில் இடப்பக்கமாய் வருகிறவர்கள், தள்ளுவண்டிலோடு தாய்மார்.

"ஆரையும் இடிச்சியளோ?"

"இல்லை."

"கதவிலை கீறல்?"

"டிப்போவிலை. வெள்ளைத் தூண்."

"ஆரையும் இடிக்கேல்லைத்தானே? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் முகத்தைத் திருப்பினார். முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது, கழுத்தும் தோளும் சேர்த்து. நீர் முட்டிய அந்தக் கண்கள் அவளைத் தேடி வந்து நின்றதைத் தவமலர் பார்த்தாள்.

"இடிக்கேல்லை. ஆனி மாசம் ஒரு சைக்கிள்காரப் பெட்டை... மயிரிழை. அவள் பஸ்ஸிலை கையாலை அடிச்சுக் கத்தினாள். அண்டைக்கு ராத்திரி முழுக்க நித்திரையில்லை. திங்கக்கிழமை விடிய சொல்லுவம் எண்டு நினைச்சன்."

"ஆனிக்குப் பிறகு எத்தினை திங்கக்கிழமை?"

அவர் முக்காலியின் காலைத் தடவிப் பிடித்தார்.

"கார்த் திறப்பைத் தாங்கோ," என்றாள்.

"நீர் இந்த றோட்டிலை ஓடினதில்லை. சுரங்கப்பாதை ஏழு கிலோமீற்றர்."

"தாங்கோ."

தந்தார். தவமலர் கமராவை முக்காலியிலிருந்து கழற்றினாள். இன்றைய படம் எடுக்கப்படாமல் கிடந்தது. எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, எடுப்பமோ என்று அவள் கேட்கவில்லை. காரில் ஏறி இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். பிறகு எஞ்சினை இயக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் கார் ஓட்டிய கை.

"முதலிலை டிப்போவுக்குப் போன் எடுங்கோ. சனிக்கிழமையும் ஆள் இருப்பினம்தானே."

"திங்கக்கிழமை நேரை போய்..."

"இப்ப எடுங்கோ. நான் கேக்கிற மாதிரி, சத்தமாய்ப் போடுங்கோ."

"நீர் என்னை நம்பேல்லை என்ன?"

"இல்லை," என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. "இண்டைக்கு நம்பேல்லை."

மணி நாலுதரம் அடித்தது. ஓர் ஆண்குரல் எடுத்தது, பின்னால் வானொலியில் உதைபந்தாட்டம். யோகலிங்கம் தன் பெயரையும் சாரதி எண்ணையும் சொன்னார், எண்ணைச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது. பிறகு நிறுத்தினார். வைத்துவிடுவார், இணைப்பு போய்விட்டது என்பார், மலைக்குள்ளே சிக்னல் இல்லை என்பார் என்று தவமலர் போனையே பார்த்தாள், வைத்தால் பறிக்கக் கையைத் தயாராக வைத்திருந்தாள். அவர் வைக்கவில்லை. நான் இனி ஓட்ட முடியாது, என் கண் தெரியவில்லை என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார், ஐந்தாறு சொல்தான். வானொலி அணைந்தது. இப்போது நீ எங்கே இருக்கிறாய், யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று அந்தக் குரல் கேட்டது.

"மனைவி இருக்கிறாள்," என்றார்.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் சட்டென்று போய், மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாய் முகத்தில் விழுந்து விழுந்து விலகின. ஈரப்பாறை இரண்டு பக்கமும் கிட்ட வந்தது. தவமலர் நாற்பதில் ஓடினாள். பின்னால் நாலைந்து வாகனம் சேர்ந்துவிட்டது, ஒருவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தானும் போய் கண் சோதிக்கிற கதிரைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், டொக்டர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் தன் காதால் கேட்கவேண்டும், அபிராவுக்குச் சொல்லவேண்டும், இல்லை, அதை அவரே சொல்லட்டும். தூரத்தில் ஓர் இரைச்சல் கிளம்பி, பாறையில் மோதி மோதிப் பெருத்தது. பக்கத்தில் இருந்தவர் கையால் இருக்கையைப் பிடித்தார். தலையைத் திருப்பவில்லை. நேரே பார்த்தபடியே கேட்டார்.

"இடப்பக்கத்தாலை என்ன வருது?"

தவமலர் வளையத்தை இறுக்கினாள்.

"லொறி," என்றாள்.

"பெரிசோ?"

"பெரிசு. பயப்பிடாதேங்கோ, தள்ளித்தான் வருது."